கொடுத்தவன் கணக்கு

2001-இல் பிராம் கோஹன் படைத்த பிட்டோரண்ட் முறையில், கோப்பைப் பெறுகிறவனே பிறருக்கு வழங்குகிறவனும் ஆகிறான். அழைப்புப் பெற்றவரை மட்டும் சேர்க்கும் டிராக்கர்கள் பலவும், ஏற்றியதை இறக்கியதால் வகுத்து, விகிதம் குறைந்தவரை வெளியேற்றுகின்றன. பொதுவுடைமை போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்! ஒருவர் ஏற்றியதுதானே இன்னொருவர் இறக்கியது? சலுகை நாட்களை விலக்கினால் எல்லாருக்கும் சேர்த்து விகிதம் 1தான். ஒருவர் 5 சேர்த்தால், வேறு சிலர் 1-க்குக் கீழே இறங்கியே தீரவேண்டும். அந்தச் சிலர் யார்? சீட்பாக்ஸ் எனும் அதிவேகக் கணினியை வாடகைக்கு எடுத்தவர், புதுக் கோப்பு வந்ததுமே முந்திக்கொள்கிறார். என்போல் கைப்பேசி டேட்டாவை அளந்து செலவிடுகிறவன் இரவெல்லாம் திறந்துவைத்தாலும் கேட்பாரில்லை. எத்தனை நாள் கொடுக்கக் காத்திருந்தான் என்றல்லவா எண்ணவேண்டும்! சில டிராக்கர்கள் அதற்குப் போனஸ் புள்ளி தருகின்றன. அதையே விதியாக்கினால் என்ன?