எழுத்தாய் வந்த எண்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்ற வேண்டும் என்று முதல் வகுப்பிலிருந்தே நம் ஆசிரியைகள் சொல்லி வருகின்றனர். ஆனால் ஒரு கண்ணின் வேலையை மற்றொரு கண்ணிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்தில் கண்டேன்.

எங்கள் அம்மிச்சி தோட்டத்துச் சாளையில் தனியாக இருப்பவர். கிணற்று மோட்டார் நின்றுபோய், மூன்று நாளாகத் தென்னைக்குத் தண்ணீர் இல்லை. மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த தாளில் கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்று அச்சாகியிருந்தது. 1800 என்று தொடங்கி, மேலும் மூன்று இலக்கங்கள் சென்று, கடைசி நான்கு இடங்களில் எண்ணுக்குப் பதிலாகப் பம்ப் என்ற சொல் ஆங்கில எழுத்தில் நின்றது.

“ஏங்கண்ணு, இதுல பாதி நம்பரக் காணமே! எழுத்தப் போட்டு வெச்சிருக்கறாங்க. எழுத்துக்கு எங்க போயி அழுத்தறது?” என்றார் அம்மிச்சி.

அவர் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். பால் கணக்கிலும் தேங்காய்க் கணக்கிலும் அவர் வாய்க்கணக்கு பிசகியதில்லை. பேருந்தின் எண்ணைப் பார்த்துத் தாமாகவே ஏறிக் கோவைக்கு வந்து சேர்வார். எண் தெரியாதவர் அல்லர் அவர். தெரிந்த எண்ணை மறைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பதினோராம் வகுப்பு படிக்கும் எனக்கே உடனே விளங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் செய்தி எழுதும் எழுத்துப் பலகையைத் திறந்து பி, யூ, எம், பி என்று தட்டினேன். எழுத்து எழுத்தாகவே நின்றது, அழைப்புப் போகவில்லை. பிறகுதான் எண் அழுத்தும் பலகையை உற்றுப் பார்த்தேன். ஒவ்வோர் எண்ணின் கீழும் எறும்பு ஊர்வதுபோல் மூன்று நான்கு ஆங்கில எழுத்துகள். 2க்கு ஏ, பி, சி. 3க்கு டி, ஈ, எஃப். இப்படியே 9 வரை. 1க்கு எழுத்தே இல்லை. அந்தக் கணக்கில் பம்ப் என்றால் 7867. அழுத்தியதும் மணி அடித்தது. தமிழில் பேச 3ஐ அழுத்துமாறு ஒரு குரல் சொன்னது. தமிழில் பேச ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த ஆளிடம் போகும் வாசலுக்கு மட்டும் ஆங்கிலப் பூட்டு!

இது அமெரிக்காவில் பிறந்த பழக்கம். 1920களில் அந்நாட்டுப் பெருநகரங்களில் தொலைபேசி இணைப்பகத்தின் பெயரிலுள்ள முதல் எழுத்துகளைச் சுழற்றிவிட்டுப் பிறகு எண்களைச் சுழற்றினார்கள். நியூயார்க்கில் ஓர் ஓட்டலின் எண் ‘பென்சில்வேனியா 6-5000’. 1940இல் கிளென் மில்லர் இசைக் குழுவினர் அதையே பாட்டாக்கிப் புகழ் பெற்றனர். அன்றைய சுழல்தட்டில் க்யூ, இசட் இரண்டுக்கும் இடமில்லை; பின்னாளில்தான் அவை 7இலும் 9இலும் குடியேறின. அந்த ஊர்க்காரருக்கு அது அவருடைய எழுத்து, அவருடைய சொல். ஆகவே நினைவுக்குத் துணையாயிற்று.

எண்ணை எழுத்தாக்கும் வித்தை நமக்கும் புதிதன்று. ஒன்றுக்குக் க, இரண்டுக்கு உ, நான்குக்குச் ச, எட்டுக்கு அ என்று நம் முன்னோர் எழுதி வந்தனர். கோயம்புத்தூரின் குறியீட்டு எண்ணாகிய 0422இல் முன்னுள்ள சுழியை நீக்கினால் ச, உ, உ என்றாகும். எட்டுக்கு ‘அ’வும் காலுக்கு ‘வ’வும் வைத்து ஔவையார் ஒருவரை வைததாக வழங்கும் தனிப்பாடலைத் தமிழம்மா விளக்கியபோது வகுப்பே சிரித்தது நினைவிருக்கிறதா, தோழியரே? பாட்டுக் கற்பவர்கள் கடபயாதியை அறிவார்கள். சங்கராபரணத்தின் முன்னே ‘தீர’ என்று சேர்த்ததே எண்ணுக்காகத்தான். வடமொழியின் நான்காவது ‘த’வுக்கு 9, ‘ர’வுக்கு 2, திருப்பிப் படித்தால் 29ஆவது மேளகர்த்தா. எழுத்தைக் கண்டு எண்ணைச் சொல்ல வேண்டுமானால் சூத்திரம் தெரிந்திருக்க வேண்டும். பாட்டு வகுப்பில் அது இன்பம். தென்னை வாடும்போது அதே சூத்திரத்தை ஒரு மூதாட்டியிடம் கேட்பது நியாயமா?

நல்ல எண்ணுக்கு எழுத்தே வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு உதவ 1996இல் மும்பையில் தொடங்கிய சேவையின் எண் 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று படியிறங்கும் அந்த எண்ணைப் பள்ளிக்கே போகாத சிறுவனும் எந்த மொழியிலும் சொல்லிவிடுவான். 2008இல் நம் மாநிலத்தில் ஆம்புலன்சுக்கு வந்த 108ஐ நூற்றெட்டு என்று தமிழ் வாய் உடனே பிடித்துக்கொண்டது. பம்பு செட்டு செய்து நாடெங்கும் அனுப்பும் நம் ஊர்த் தொழில் அதிபர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: எழுத்து அழகுக்கு இருக்கட்டும், அதன் கீழேயே முழு எண்ணையும் பெரிதாக அச்சிடுங்கள். இந்த மலரைப் படிக்கும் பெற்றோரில் அத்தொழிலில் இருப்பவர்கள் இல்லாமலா போவார்கள்?

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாகாது. என் கைப்பேசியில் 2662 என்று அழுத்தினால் அது ஆங்கில எழுத்தில் அம்மா என்றாகி, அம்மாவின் பெயர் மேலே வந்து நிற்கும். எவ்வளவு வசதி! ஆனால் 2662 அம்மாவின் எண் அன்று. இதை என் தோழி ஒருத்தி காந்திபுரம் பேருந்து நிலையத்தில் உணர்ந்தாள். மாலை ஆறரை மணி, நல்ல மழை, அவள் கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. பூ விற்கும் அக்கா இரக்கப்பட்டுத் தம் கைப்பேசியைக் கொடுத்தார். வாங்கியவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். அம்மா, அப்பா, அண்ணன் ஆகிய மூவரின் எண்களில் ஒன்றுகூட முழுதாக நினைவுக்கு வரவில்லை. இரவு எட்டரைக்கு அவளுடைய அப்பா தேடிக்கொண்டு வரும்வரை அந்தப் பூக்கூடையின் அருகிலேயே நின்றிருக்கிறாள். வேதியியல் அட்டவணையை ஒப்பிக்கும் பெண் அவள்.

மறுநாள் ஆள் வந்து மோட்டாரைச் சரிசெய்தார். அம்மிச்சி ஒரு கரிக்கட்டியைக் கொடுத்து, சாளைச் சுவரில் அந்தப் பதினொரு இலக்கத்தையும் எண்ணாகவே எழுதச் சொன்னார். அதன் கீழே 108ஐயும் எழுதினேன். அதற்கும் கீழே எங்கள் அம்மாவின் எண்ணை எழுதக் கைப்பேசியை எடுத்தேன்.

“அதப் பாக்காமச் சொல்லு கண்ணு, பாக்கலாம்” என்றார்.

ஏழாவது இலக்கத்தோடு நின்றுவிட்டேன். மீதி மூன்றையும் அம்மிச்சிதான் சொன்னார்.