பழகுநரைக் கேட்டீர்களா?

'அப்ரண்டிஸ்' என்பதற்குத் தமிழில் 'தொழிற்பழகுநர்' என்று வழங்குகிறோம். நல்ல சொல். பழகுதல் என்னும் வினை காலத்தை வேண்டுவது. அருகிலிருந்து கைதிருத்தும் ஓர் ஆளையும் வேண்டுவது. அரசு அறிக்கைகளும் நாடாளுமன்ற விடைகளும் கையாளும் வினைகளோ வேறு: 'பதிவு செய்யப்பட்டனர்', 'பயிற்சி அளிக்கப்பட்டனர்', 'சான்றளிக்கப்பட்டனர்'. அத்தனையும் செயப்பாட்டுவினை. கற்பித்தவர் யார், எந்த இயந்திரத்தில், எத்தனை மணிநேரம் என்னும் வினாக்களுக்கு அவ்வாக்கியங்களில் இடமே இல்லை.

மொழியியல் படித்தவனின் இலக்கண நச்சரிப்பு என்று இதை ஒதுக்குவோர், 2025 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கையைப் படிக்கட்டும். 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றியது அது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் ஏறத்தாழ 95.9 லட்சம் பயனாளிகளின் தரவில், 94 விழுக்காட்டுக்கும் மேலானோரின் வங்கிக் கணக்கு விவரம் சுழியாகவோ வெற்றிடமாகவோ இருந்தது. எஞ்சியவற்றிலும் ஒரே கணக்கு எண் பலருக்கு. சில இடங்களில் வெறும் ஒன்றுகளின் வரிசை. 'பயிற்சி அளிக்கப்பட்டனர்' என்ற வாக்கியம் மட்டும் பிழையின்றி இருந்தது.

அது குறுகிய காலப் பயிற்சித் திட்டம், தொழிற்பழகுநர் முறை வேறு என்பீர்கள். உண்மை. ஆனால் இரண்டிலும் நோய் ஒன்றே: எண்ணக்கூடியதையே எண்ணுகிறோம்.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்கிறது. பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்ற சில காப்புகள் தவிரத் தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. அவர் கற்க வந்தவர் என்பதுதான் இவ்விலக்குக்கு நியாயம். அப்படியானால் கற்றல் நிகழ்கிறதா என்பதை எவரேனும் பார்த்தாக வேண்டுமல்லவா? என் உறவினர் மகன் ஒருவன் எலக்ட்ரீஷியன் பழகுநனாக ஓராண்டு ஓர் ஆலைக்குச் சென்றான். பத்து மாதம் பெட்டி அடுக்கினான். சான்றிதழில் எலக்ட்ரீஷியன் என்றே இருக்கிறது. பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையைச் சுமத்துவது அச்சட்டப்படி குற்றம்; ஆனால் 2014ஆம் ஆண்டுத் திருத்தம் சிறைத்தண்டனையை நீக்கி அதற்கு வைத்த விலை, நிகழ்வொன்றுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம்.

தொழிலாளர், ஜவுளி, திறன் மேம்பாட்டு நிலைக்குழு எதையுமே கேட்கவில்லை என்பது என் வாதமன்று. இடைநிற்றலையும், சான்றிதழ் பெற்றோரில் பலருக்கு வேலை கிட்டாததையும் அது சுட்டியிருக்கிறது. அமைச்சகம் 'கருத்தில் கொள்ளப்பட்டது' என்று விடையளிக்கும் (மீண்டும் செயப்பாட்டுவினை!). குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. அமைச்சகங்களின் அன்றாட நிர்வாகத்தை ஆராயலாகாது என்று அவை விதிகளே வேலி கட்டியிருக்கின்றன. ஆயினும் சாட்சிகளை அழைக்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. செயலர்களையும் தொழில் கூட்டமைப்புகளையும் அழைக்கும் அவை, இருபது பழகுநர்களை அழைத்து நாற்காலி தந்து, "நேற்று என்ன செய்தாய்?" என்று கேட்கட்டும். பயிற்சி நிறுவனங்களின் வருகைப் பதிவேடுகளையும் பயிற்றுநர் பட்டியலையும் மேசைமீது வைக்கச் சொல்லட்டும். தணிக்கை பல ஆண்டு கழித்துக் கண்டுபிடிப்பதை, ஒரு பிற்பகல் விசாரணை அப்போதே கண்டிருக்கும்.

இது ஆலைப் பிள்ளைகளின் கவலை, நமக்கென்ன என்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒன்று. தொழிற்பழகுதலை உள்ளடக்கிய பட்டப்படிப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. இனி மாணவரின் ஒரு பருவம் ஏதோவொரு நிறுவனத்தின் தளத்தில் கழியும். மதிப்பெண்ணை நாம் இடுவோம். உதவித்தொகை தாமதமானால் "நீங்கள் ஊழியர் அல்லர், ஆய்வாளர்" என்ற விடையை நாமே கேட்டுப் பழகியவர்கள். 18ஆம் பிரிவின் வாடை நமக்குப் புதிதன்று.

உங்கள் கல்லூரி அப்படியொரு படிப்பைத் தொடங்கியிருந்தால், நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். அதில் பயிற்றுநரின் பெயரும் பயிற்சி மணிநேரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறொரு மாநிலத்தில் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சென்ற பருவத்திலேயே கேட்டார். 'பரிசீலிக்கப்படுகிறது' என்று எழுத்து மூலம் விடை வந்திருக்கிறது.