படபடப்பு காத்திருக்காது



மலையில் நெஞ்சு படபடத்து டிஸ்பென்சரிக்கு இறங்கினால், "வாய்வு" என்று பனடோல் தருகிறார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் படபடப்பு அடங்கிவிடுகிறது, ஈ.சி.ஜி.யும் சரியாக வருகிறது. உடனே நமக்குக் கிடைக்கும் பட்டம் "வேலைக்கள்ளர்"!

வந்து வந்து போகும் துடிப்புக் கோளாறு, அது இருக்கும் நேரத்தில் எடுத்தால்தான் ஈ.சி.ஜி. தாளில் பிடிபடும். துடிப்புகளுக்கு இடையிலான தூரம் ஒழுங்கில்லாமல் மாறி, ஒவ்வொரு துடிப்புக்கும் முன் வரவேண்டிய சிறு மேடும் இல்லையென்றால், பெரும்பாலும் அது இதய மேலறை நடுக்கம். அங்கே உறையும் இரத்தம் மூளைக்குப் போனால் பாரிசவாதம். இதுவா வாய்வு?

கிலோக் கணக்குப் பார்த்துக் கொழுந்து நிறுக்கும் நிர்வாகம், நம் நெஞ்சுத் துடிப்பை மட்டும் கணக்கெடுக்காதா? தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே ஈ.சி.ஜி. இயந்திரமும், அதைப் பார்க்கப் பயிற்சி பெற்றவரும் வேண்டும். சலுகையாக அல்ல, உரிமையாகக் கேட்கிறோம்!