கௌரவம் யாருக்குங்க?

'கௌரவக் கொலை' என்று எழுதியவர்களோடு சண்டை போட்டு 'ஆணவக் கொலை' என்று எழுத வைத்தோம். கோகுல்ராஜும் உடுமலை சங்கரும் கொல்லப்பட்ட கொங்கு மண்ணில் அது சின்ன விஷயமல்ல. ஆனால் 'கௌரவ விரிவுரையாளர்' என்ற சொல்லை மட்டும் நாம் தொடவே இல்லை.

கோவை மாவட்டத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் நான் கௌரவ விரிவுரையாளர். அருந்ததியர் பெண். முனைவர் பட்டம் இருக்கிறது. மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதத்துக்கு. மே மாதம் பட்டினி. மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி சொன்னது 2019இல். அதே பாடத்தை நடத்தும் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படை ஊதியமே 57,700இல் தொடங்குகிறது.

"இது எல்லாச் சாதிக்கும் உள்ள பிரச்சினைதானே?" என்பார்கள். தோட்டமும் வீட்டு வாடகையும் வரும் வீட்டுப் பெண் நிரந்தர வேலைக்குப் பத்து வருடம் காத்திருக்கலாம். என் அம்மா துப்புரவுப் பணியாளர்.

சேர்ந்த முதல் வாரம் ஓய்வறையில் கேட்டார்கள்: "நீங்க எந்தப் பக்கங்க? சூலூருங்களா? அங்க யாரு வீட்டுப் பொண்ணுங்க?" எங்கள் ஊரில் சாதியையும் 'ங்க' போட்டுத்தான் கேட்பார்கள். பதில் தெரிந்த பிறகு என் டிபன் பாக்ஸ் பக்கம் யார் கையும் வரவில்லை. புகார் கொடுக்கலாமே? கொடுக்கலாம். ஜூன் மாதப் பட்டியலில் என் பெயர் வர வேண்டுமே! வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எனக்கும் உண்டு. அதைத் தொடும் தைரியத்தைப் பணி நிரந்தரம்தான் தரும்.

உடன் வேலை செய்த தோழி பிரசவத்துக்குப் போனாள். 26 வார விடுப்பு என்கிறது சட்டம். திரும்பி வந்தபோது அவள் வகுப்புகள் வேறொருவருக்குப் போயிருந்தன. நிறுத்தவில்லையாம், 'தேவை இல்லை'யாம்.

2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2024இல் உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. பட்டாசு வெடித்தோம். அதே 2024இல் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்து, தேர்வு தள்ளிப்போனது. நிரப்பாத இடத்தில் 3 என்ன, 69 என்ன?

மேடையில் அம்பேத்கரைப் பேசும் நிரந்தரப் பேராசிரியத் தோழர்களே, அடுத்த துறைக் கூட்டத்தில் மே மாதச் சம்பளத்தையும் பேறுகால விடுப்பையும் நீங்கள் எழுப்புங்கள். எழுத்தில் கேளுங்கள். உங்களை யாரும் ஜூனில் நீக்க முடியாது.