பருப்பில் இல்லையா, குறைவா?

சைவச் சாப்பாட்டில் இருப்பது ‘முழுமையற்ற புரதம்’ என்ற பேச்சு இப்போது உடற்பயிற்சிக் கூடம் முதல் மருந்துக்கடை வரை கேட்கிறது. உடலால் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களில் சில பருப்பிலும் அரிசியிலும் இல்லை, அதனால் இறைச்சியோ டப்பாவில் வரும் பவுடரோ வேண்டும் என்பது அதன் சாரம். இதில் முதல் பிழை ‘இல்லை’ என்ற சொல். அரிசியில் லைசின் குறைவு. துவரையிலும் உளுந்திலும் மெத்தியோனின் குறைவு. ஆனால் ஒன்பதும் இரண்டிலுமே இருக்கின்றன. ஒன்று அறவே இல்லாத புரதத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் ஜெலட்டினைச் சொல்லலாம். அதில் டிரிப்டோபேன் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், அது மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது.

இந்த எண்ணத்தின் வேர் எலிகளிடம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆஸ்போர்னும் மெண்டலும் 1914இல் வெளியிட்ட ஆய்வில், மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த ‘செயின்’ என்ற ஒரே புரதத்தை மட்டும் தின்ற எலிக்குட்டிகள் வளரவில்லை. லைசினும் டிரிப்டோபேனும் சேர்த்ததும் வளர்ந்தன. அருமையான ஆய்வுதான். ஆனால் செயின் என்பது மக்காச்சோளம் அல்ல, அதன் ஒரு பகுதி; அதை மட்டும் தின்று வாழும் மனிதரும் இல்லை. எலிக்குட்டி வளரும் வேகமும் வேறு: தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஒரு கிராம் அளவே புரதம், எலிப்பாலில் அதைப் போலப் பல மடங்கு. அந்தத் தேவையை வளர்ந்த மனிதருக்கு அப்படியே பொருத்துவது நியாயமில்லை.

சரி, அரிசி, பருப்பு இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்து உண்டால்தான் பயன் என்பார்கள். 1971இல் பிரான்சிஸ் மூர் லாப்பே எழுதிய நூல் பரப்பிய கருத்து இது. 1981 பதிப்பில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். காரணம் உடலின் உள்வேலை. வளர்ந்தவர் உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் வரை புரதம் சிதைந்து மீண்டும் கட்டப்படுகிறது. நாம் உண்பதோ 60, 70 கிராம். குடல் சுரக்கும் நொதிகளும் உதிரும் குடல் செல்களுமே செரித்து, அமினோ அமிலங்களாக உள்ளே திரும்புகின்றன. காலையில் குறைந்ததை மதியம் வந்தது ஈடுகட்ட, இந்தக் கையிருப்பு போதும். நம் வீடுகளில் அந்தக் காத்திருப்பும் தேவையில்லை: இட்லியில் அரிசியும் உளுந்தும், பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருக்கின்றன.

தாவரப் புரதம் முழுதாகச் செரிப்பதில்லை என்ற மறுப்பு மட்டும் கனமானது. பால், முட்டையோடு ஒப்பிட்டால் பருப்பு செரிப்பது குறைவுதான். ஊறவைப்பதும் நன்றாக வேகவைப்பதும் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களைக் குறைக்கும், முற்றிலும் சரிசெய்யாது. ஆகவே அதையும் கணக்கில் சேர்ப்போம். 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற அளவில், நாளுக்கு 1800 மில்லிகிராம் லைசின் வேண்டும். 300 கிராம் அரிசியில் ஏறத்தாழ 800, 70 கிராம் துவரம்பருப்பில் ஆயிரத்துச் சொச்சம், கணக்கு நேராகிவிட்டது. செரிக்காமல் போவதை ஈடுகட்ட ஒரு டம்ளர் தயிர் ஏறத்தாழ 500 தரும். வெறும் அரிசியில் இதே 1800ஐ எட்ட ஏறத்தாழ 675 கிராம் வேண்டும்.

அந்தக் கடைசி எண்ணில்தான் உண்மையான குறை தெரிகிறது. தட்டு நிறையச் சோறு, அதன்மேல் பருப்பு கண்ணில் படாத சாம்பார் என்று உண்பவருக்கு, அதிலும் வளரும் குழந்தைக்கும் பசி குறைந்த முதியவருக்கும், புரதம் போதாமல் போகலாம். பி12 வைட்டமின் தாவர உணவில் கிடைக்காது என்பதும் மெய். ஆனால் அது புரதமே அல்ல, அந்தக் குறையைக் காட்டிப் பருப்பின் புரதத்தைப் பழிப்பது வேறு வழக்கின் சாட்சியை இங்கே கூண்டில் ஏற்றுவது போன்றது. சாம்பாரில் இன்னும் ஒரு கைப்பிடி பருப்பு போட வசதியில்லாதவருக்கு, பல மடங்கு விலையுள்ள பவுடரைப் பரிந்துரைப்பவர் எந்தக் குறையைத் தீர்க்கிறார் என்று தெரியவில்லை.