இது யார் கதை?

போன மாசம் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடைக்கு ஆப்டிடியூட் புக் தேடிப் போனேன். திரும்பும்போது கையில் இருந்தது ஜி. நாகராஜனின் 'குறத்தி முடுக்கு'. 60 ரூபாய். ரொம்ப மெலிசு. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் வாடிப்பட்டி வர்றதுக்குள்ள பாதியாவது முடிச்சிடலாம்னு நினைச்சேன். எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம் என்பதால் எனக்கு நாலு நாள் ஆச்சு. அது வேற சோகம்.

புத்தகத்தை எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் முதல் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: "எல்லாம் இவன் சொந்தக் கதை." அந்த வரியோடதான் எனக்குச் சண்டை.

நாகராஜன் (1929–1981) நம்ம மதுரைக்காரர், கணக்கு வாத்தியார். 1963ல் வந்த இந்தக் குறுநாவல், திருநெல்வேலியில் பாலியல் தொழில் நடக்கும் ஒரு சந்தைப் பற்றியது. கதை சொல்லும் 'நான்' அங்கே போய் வருகிறவன், தங்கம் என்ற பெண்ணை விரும்புகிறவன். நாகராஜனும் குடி, கஞ்சா, அந்த மாதிரித் தெருக்கள் என்று வாழ்ந்தவர்தான், யாரும் மறைக்கவில்லை. ஆனா கதையில் வரும் 'நான்' ஒரு பத்திரிகைக்காரன். கணக்கு வாத்தியார் முதல் ஸ்டெப்லயே வேரியபிளை மாத்திட்டார். நாம அதைக்கூடக் கவனிக்காம ஆன்சர் எழுதுறோம்.

டி. எச். லாரன்ஸின் 'சன்ஸ் அண்ட் லவர்ஸ்' (1913) நாவலிலும் இதே கேள்வி வந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகன், அம்மா மேல் உயிராக இருப்பவன், எல்லாம் பெரும்பாலும் லாரன்ஸே. அதில் மிரியம் என்று வருபவர் நிஜத்தில் அவருடைய தோழி ஜெஸ்ஸி சேம்பர்ஸ். தன்னைக் காட்டிய விதம் அவரை ரொம்பக் காயப்படுத்தியது. அங்கே 'இது யார் கதை' என்று கேட்பதில் நியாயம் இருக்கு. கேட்க உரிமையுள்ள ஒருத்தர் உயிரோடு இருந்தார்.

குறத்தி முடுக்கு விஷயத்தில் நாம அதைத் தங்கத்துக்காகக் கேட்கிறோமா? இல்லை. "ஆளு அப்படி, அதான் அப்படி எழுதினான்" என்று சொல்லிட்டா அந்தச் சந்து அவர் ஒருத்தரோட கெட்ட பழக்கமா ஆகிடும். நம்ம ஊர், நம்ம போலீஸ், நம்ம வீட்டு ஆம்பளைங்க யாருக்கும் அதில் பங்கில்லைன்னு புத்தகத்தை மூடிடலாம். நாகராஜன் பற்றிப் பேச ஆரம்பிச்சா பாதிப் பேர் அவர் கடைசிக் கால நிலைமையைத்தான் சொல்றாங்க. தங்கம் பற்றிப் பேசுறவங்க கம்மி.

நானும் யோக்கியன் இல்லை. பஸ்ஸில் நியூஸ்பேப்பர் அட்டை போட்டுத்தான் படிச்சேன். வீட்டில் அம்மா எடுத்துப் பார்த்துட்டாங்க. தமிழ் மீடியம் ஆச்சே, ஒரே மத்தியானத்தில் முடிச்சிட்டாங்க. திட்டு விழும்னு உட்கார்ந்திருந்தேன். "அந்தப் புள்ளைக்கு அப்புறம் என்னடா ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டாங்க. எழுதினவர் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் கேட்கலை.

புத்தகம் இப்போ ஹாஸ்டல்ல என் ரூமில் இருக்கு. வேணுங்கிறவங்க வாங்கிட்டுப் போகலாம். பேப்பர் அட்டையைக் கழட்டிட்டேன்.