வண்டியின் பெயரைச் சொல்லி ஸ்டியரிங் பாக்ஸ் வாங்காதீர்கள்

கோவில், ஓய்வூதியம், முழங்கால் வலி என்று எழுதிக்கொண்டிருந்தவன் இன்று ஸ்டியரிங் பாக்ஸைப் பற்றி எழுத வந்திருக்கிறேனே என்று சிரிக்க வேண்டாம். சென்ற ஆடி மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கதி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

என் மைத்துனரிடம் ஒரு பழைய டாடா சுமோ இருக்கிறது. 2003-ஆம் வருட மாடல். சித்தூர் பக்கத்தில் யாரோ வைத்திருந்து, கைமாறி, ஆந்திர நம்பரிலிருந்து தமிழ்நாட்டு நம்பருக்கு மாறி இவரிடம் வந்தது. கிருத்திகை, விசேஷ நாட்களில் சொந்தபந்தங்களையும் தெரிந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு திருத்தணி மலைக்குப் போய்வரும். 365 படி ஏற முடியாத என்னைப் போன்றவர்களுக்கு அந்த வண்டிதான் கால்.

ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பவர் ஸ்டியரிங் பாக்ஸில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. இத்தனை வருடம் ஓடிய வண்டி, ஒழுகத்தான் செய்யும். மெக்கானிக் கழற்றிப் பார்த்து, உள்ளே தண்டு தேய்ந்துவிட்டது, சீல் மாற்றினால் நிற்காது, வேறு பாக்ஸ்தான் போட வேண்டும் என்றார். மைத்துனர் ஒரு கடைக்குப் போன் போட்டு, “சுமோ, 2003, பவர் ஸ்டியரிங்” என்று மூன்று வார்த்தை சொன்னார். மறுநாள் பாக்ஸ் வந்து இறங்கியது.

நான்கு போல்ட்டும் சரியாக உட்கார்ந்தன. ஆனால் பழைய ட்ராப் ஆர்ம் அதில் ஏறவில்லை. பல் வேறு. கடைக்காரர் அதற்கும் ஒரு ஆர்ம் அனுப்பினார். மாட்டியாயிற்று. வண்டியை வெளியே எடுத்தார்கள். வலது பக்கம் நன்றாகத் திரும்பியது, இடது பக்கம் முழுசாகத் திரும்பவில்லை.

நான் ஓட்டத் தெரியாதவன். எண்ணத் தெரிந்தவன். சக்கரம் நேராக இருக்கும் நிலையிலிருந்து வலப்புறம் இரண்டு சுற்று, இடப்புறம் ஒன்றேகால் சுற்றுதான். மெக்கானிக் டிராக் லிங்க்கை மரையின் கடைசி வரை திருகி நீட்டிவிட்டு, “பரவாலேதண்டி, அட்ஜஸ்ட் ஆயிடும் சார்” என்றார். அவர் புத்தூர்க்காரர், நல்ல மனுஷர். ஆனால் எனக்கு அந்த மரையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. எத்தனை சுற்று உள்ளே பிடித்திருக்கிறதோ அதில்தானே எட்டுப் பேர் உயிர் தொங்குகிறது? மலைப்பாதை வளைவில் இடப்பக்கம் திரும்பாமல் போனால் என்ன ஆகும்?

“இந்த வண்டி மலை ஏறக்கூடாது” என்றேன்.

“மாமா, நாலே நாள் இருக்கு. பத்து குடும்பத்துக்கு வர்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்” என்றார் மைத்துனர். அன்று இரவு அவர் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

மறுநாள் காலை பழைய பாக்ஸை மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தோம். அழுக்குக்கு அடியில் ஒரு சிறிய தகடு இருந்தது. அதில் தயாரித்த கம்பெனி பெயரும் பார்ட் நம்பரும் இருந்தன. பாக்ஸைச் சாக்கில் கட்டிக்கொண்டு சென்னை மின்சார ரயில் ஏறினோம். புதுப்பேட்டையில் ஒரு பெரியவர் தகட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: “இது இந்த மாடலோட வந்த பாக்ஸ் இல்லீங்க. முன்னால வச்சிருந்தவர் பவர் இல்லாத வண்டிக்கு வேற எதிலிருந்தோ எடுத்துப் பொருத்தியிருக்கார்.”

அப்போதுதான் விளங்கியது. கடைக்காரர் 2003 சுமோவுக்கு உரியதை அனுப்பினார். எங்கள் வண்டிதான் அந்த 2003 சுமோவாக இல்லை.

இந்த இடத்தில் என் பழைய உத்தியோகம் ஞாபகத்துக்கு வந்தது. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்து, புதுவை அரசில் குமாஸ்தாவாக இருந்தவன். பிரெஞ்சுக்காரர்களின் பிறப்புப் பதிவேட்டில் ஓரமாக இடம் விட்டிருப்பார்கள். அந்த மனிதருக்குக் கல்யாணம் ஆனால் அதையும் அவர் பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிப்பார்கள். ஒரு ஏட்டைப் பார்த்தால் ஆளின் கதை தெரியும். நம் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் உண்டு, சேஸிஸ் நம்பர் உண்டு. இரண்டாவது சொந்தக்காரர் ஸ்டியரிங்கை மாற்றிய கதைக்கு ஓரம் இல்லை. ஆகவே பெயரையும் வருடத்தையும் நம்பி வாங்குவது, ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரில் ஒருவருக்கு மற்றவர் பென்ஷனைக் கொடுப்பது போலத்தான்.

அதிலும் சுமோ என்ற பெயர் 1994 முதல் 2019 வரை ஓடியது. ஸ்பேசியோ, விக்டா, கிராண்டே, கோல்டு என்று எத்தனை அவதாரம்! பவர் ஸ்டியரிங் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. பாக்ஸைச் செய்கிறவர்களோ வேறு. சென்னையில் ரானே குழுமம், புனேயில் இசட்.எஃப். ஸ்டியரிங் கியர் என்று தனிக் கம்பெனிகள். வண்டியின் பெயர் ஒன்று, பாக்ஸின் பெயர் இன்னொன்று.

நான் கற்றுக்கொண்டதை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் குற்றவாளி பாக்ஸ்தானா என்று பாருங்கள். ஸ்டியரிங் கனமாக இருந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம். ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டு தேய்ந்திருக்கலாம். ஒழுகல் ஹோஸிலிருந்தும் வரலாம்.

அடுத்து, ரேக்கா பாக்ஸா என்று பாருங்கள். நம் அம்பாசடரில் இருந்தது ரேக். சுமோ மாதிரி வண்டியில் பாக்ஸும் ட்ராப் ஆர்மும்.

மூன்றாவது, தகட்டில் உள்ள பார்ட் நம்பர். இரும்பிலேயே வார்த்துப் புடைத்திருக்கும் எண் வேறு, அது வார்ப்பின் எண். ஒரே வார்ப்புக்குள் வேறு வேறு பல் வைத்துப் பல பாக்ஸ்கள் செய்வார்கள். அதை நம்பி ஏமாறக் கூடாது.

நான்காவது, தகடு இல்லாவிட்டால் அளவு. போல்ட் ஓட்டைகள் எத்தனை, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம். மேல் தண்டின் கனம், அதன் பல் எண்ணிக்கை. ட்ராப் ஆர்ம் ஏறும் கீழ்த்தண்டின் கனமும் பல்லும். ஆர்ம் முன்பக்கம் பார்க்கிறதா, பின்பக்கமா. அந்தத் திசை மாறினால் இடப்பக்கம் திருப்ப வண்டி வலப்பக்கம் போகும்.

ஐந்தாவது, ஆர்மைக் கழற்றிவிட்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் சரிபாதிதான் பாக்ஸின் நடு. உள்ளே பற்கள் நெருக்கமாகப் பிடிப்பது அங்கேதான். சக்கரம் நேராக நிற்கும்போது பாக்ஸும் நடுவில் நிற்க வேண்டும். இல்லையென்றால் நேர்ரோட்டிலும் வண்டி அலையும்.

ஆறாவது, ஹோஸ் வாய்களின் மரை. அழுத்தக் குழாய் ஒன்று, திரும்பும் குழாய் ஒன்று. பம்ப்பின் அழுத்தமும் அந்தப் பாக்ஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

என் அபிப்பிராயம் இதுதான். கதவுக் கைப்பிடி, சீட் கவர், கண்ணாடி இவற்றில் ‘அட்ஜஸ்ட்’ செய்துகொள்ளலாம். பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் அந்த வார்த்தையே கூடாது. நாலு ஓட்டை பொருந்தியதால் பொருள் பொருந்தியது என்று ஆகாது. மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், சொந்தக்காரன் ‘வேண்டாம்’ என்று சொன்னால்தான் அவரும் நிறுத்துவார். நாம் அவசரப்படுத்தினால் அவரும் அவசரப்படுவார். அவர்மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

புதுப்பேட்டைப் பெரியவர் காட்டிய இடத்தில் அதே நம்பர் பாக்ஸ், பழுது பார்த்து அழுத்தம் சோதித்தது, பில்லோடு கிடைத்தது. ஆனால் பொருத்தி முடிப்பதற்குள் ஆடிக் கிருத்திகை போய்விட்டது. மலை முழுக்கக் காவடியும் அரோகராவுமாக இருந்த அன்று எங்கள் வண்டி வாசலில் மரத்தடியில் நின்றது. மைத்துனர் பத்து வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். தவறாக வந்த பாக்ஸுக்குக் கடைக்காரர் பாதிப் பணம்தான் திருப்பிக் கொடுத்தார். அதை நான் ஏற்றுக்கொண்டேன். மூன்று வார்த்தை மட்டும் சொன்னது நாங்கள்தானே.

புரட்டாசிக் கிருத்திகைக்கு அதே வண்டியில் மலைக்குப் போனேன். இடப்பக்க வளைவில் மைத்துனர் என்னைத் திரும்பிப் பார்த்து, “எண்ணிக்கோங்க மாமா” என்றார். கோபம் போய்விட்டது என்று தெரிந்தது.

இப்போது அந்தப் பார்ட் நம்பரையும், மாற்றிய தேதியையும், பில்லையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி ஆர்.சி.யோடு வைத்திருக்கிறேன். அடுத்து வாங்குகிறவருக்கு உதவும். உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால், பேரனிடம் டார்ச்சைக் கொடுத்துக் கீழே குனிந்து அந்தத் தகட்டை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஒழுக ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே செய்துவிடுவது நல்லது.